பில்டக்கா எழுந்தால் லிஃப்ட் நிற்கும்

அந்த நிலையத்தில் ஒருவர் நாற்காலி மாறி உட்கார்ந்தால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அவருடைய ஃபோல்டரும் எழுந்துபோய் மாறி உட்கார வேண்டும் என்பது விதி. எப்போதோ இருந்த ஓர் இயக்குநர் போட்டது. "ஆள் ஒரு பக்கம், அவன் ஃபைல் ஒரு பக்கம்னா அதுக்குப் பேரு நிர்வாகமா?" என்று அவர் ஒரு கூட்டத்தில் கேட்டாராம். கேட்டவர் இயக்குநர் என்பதால் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் வராததால் அது விதியாகிவிட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மாடி, பிரிவு, இருக்கை, இருப்பவர் பதவி என்று தபால்காரர் மெச்சும்படியான விலாசம் உண்டு. ஆள் மாறினால் விலாசம் மாறும். ஆள் காலி செய்தால் ஃபோல்டரும் காலி. இதையெல்லாம் கவனித்துக்கொள்ள இருக்கை அலுவலர் என்று ஒருவரை நியமித்து, அவருக்கு உட்கார ஓர் இருக்கையும் கொடுத்தார்கள்.

நிலையத்தின் தலையாய பெருமை அதன் சொந்த நிரல்மொழி. உலகத்தில் இத்தனை நிரல்மொழிகள் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களிடம், "நம்முடையது என்று ஒன்று வேண்டாமா?" என்று நிலையம் திருப்பிக் கேட்கும். அந்த மொழியில் எழுதியதை வரிவரியாகப் படித்து இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் இன்டர்பிரெட்டர் உண்டு. அதை மூலத்திலிருந்து கட்டி எழுப்பித் தருகிற வேலை, அதாவது பில்டு செய்கிற வேலை, பில்டக்காவுடையது. அவளுக்கு வேறு பெயரும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

இன்டர்பிரெட்டர் தனியாக நின்று ஒன்றும் கிழிக்காது. ஒரு தேதியைக் காட்டச் சொன்னால்கூட லைப்ரரி என்கிற சரக்குக் கிடங்குக்கு ஓடும். கிடங்கு எங்கே இருக்கிறது என்பதை பில்டு செய்யும்போதே ஒரு வரியில் எழுதி அதன் வயிற்றுக்குள் வைத்துவிடுவார்கள். பில்டக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓடுகிறதா என்று சும்மா பார்ப்பதற்காகத் தன்னுடைய சொந்த ஃபோல்டரிலேயே கிடங்கை வைத்து, அந்த வரியில் தன் விலாசத்தையே எழுதியிருந்தாள்: இரண்டாம் மாடி, பில்டு பிரிவு, ஏசிக்குக் கீழே, இளநிலைப் பொறியாளர். சரியான இடத்துக்கு மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் வந்து நின்றார். "ஓடுதா?"

"ஓடுது சார். ஆனா..."

'ஓடுது' என்பதோடு இயக்குநர் போய்விட்டார். 'ஆனா' மட்டும் அங்கேயே நின்றது. சாயங்காலத்துக்குள் அந்த பில்டை நிலையத்தின் எல்லா இயந்திரங்களுக்கும் பிரதி எடுத்துவிட்டார்கள். சம்பளம், நுழைவாயில், லிஃப்ட், கேன்டீன் டோக்கன் என்று எல்லாம் அதில்தான் ஓடின. மேலிடத்திலிருந்து ஒரு தரச் சான்றிதழும் வந்து இயக்குநர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிக்கொண்டது. அதன்பிறகு பில்டக்கா வாயைத் திறந்தபோதெல்லாம், "ஓடுற வண்டியில கை வைக்காதம்மா" என்று சொல்லி அடைத்துவிட்டார்கள்.

இப்படியே வண்டி வருடக்கணக்கில் ஓடியது. பில்டக்காவுக்குக் கல்யாணமாயிற்று, மகள் பிறந்தாள், கணவனுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. மகளையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அந்த ஊரிலும் நிலையத்துக்கு ஒரு கிளை இருந்ததால், 'இதோ பின்னாலேயே வந்துடறேன்' என்று சொல்லி இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தாள். அதிசயமாக உத்தரவும் வந்துவிட்டது.

இருக்கை அலுவலர் கடமையில் கண்ணாக இருப்பவர். உத்தரவு கைக்கு வந்த சூட்டோடு பில்டக்காவின் ஃபோல்டரைத் தூக்கிக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு டீ குடிக்கலாம் என்று லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் பாதி தூரம் இறங்கியது. அதற்கு ஏதோ தேவைப்பட்டது. கிடங்குக்கு ஓடியது. கிடங்கு இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. லிஃப்ட் அப்படியே நின்றுவிட்டது.

நுழைவாயில் மூடிக்கொண்டது. கேன்டீனில் காசு போட்டவர்கள் டோக்கனும் இல்லாமல் டீயும் இல்லாமல் நின்றார்கள். சம்பளப் பிரிவில் திரைக்குத் திரை 'லைப்ரரியைக் காணோம்' என்று வந்தது. பில்டக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் லிஃப்ட் கதவின் இடுக்கில் வாய் வைத்துக் கத்தினாள்.

"சார்! என் ஃபோல்டரைத் திரும்பக் கொண்டு வாங்க சார்!"

"முதல்ல நான் வெளிய வரணும்மா!" என்றது உள்ளிருந்து இருக்கை அலுவலரின் குரல்.

"நீங்க வெளிய வரணும்னா ஃபோல்டர் வரணும் சார்!"

"ஃபோல்டர் வரணும்னா நான் வரணுமே!"

"அப்ப பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நாங்களே கொண்டு வந்துடறோம்."

"பாஸ்வேர்டைச் சத்தமாச் சொல்லக் கூடாதும்மா. விதி."

"மெதுவாச் சொன்னா கேக்காதே சார்."

விதிக்கும் புழுக்கத்துக்கும் நடுவே இருக்கை அலுவலர் கொஞ்ச நேரம் போராடினார். கடைசியில் புழுக்கம் வென்றது. "நா... ற்... கா... லி!" என்று இரண்டு மாடிகளும் கேட்கக் கத்தினார். பக்கத்து மேஜையில் நிரல்களைச் சோதிக்கும் டெஸ்டர், "இதைத்தான் ஒளிச்சு வெச்சிருந்தாரா மனுஷன்?" என்று கேட்டுவிட்டு, போய் ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவந்தான். லிஃப்ட் முக்கி முனகி இறங்கியது. உள்ளேயிருந்து வெளியே வந்த இருக்கை அலுவலர், யாரையும் பார்க்காமல் படி ஏறிப் போனார். அன்றோடு அவர் லிஃப்ட் ஏறுவதை விட்டுவிட்டார்.

மாறுதல் உத்தரவு ரத்தானது. பாதைப் பாதுகாப்பு உயர்நிலைக் குழு என்று ஒன்று கூடியது. தலைவர் இயக்குநர். பில்டக்காவையும் கூப்பிட்டு, சுவரோரமாக உட்கார வைத்தார்கள்.

"சார், இது ஒரு வரி வேலைதான்," என்றாள் அவள். "லைப்ரரியை யாரோட இருக்கையிலும் இல்லாம ஒரு பொது இடத்துல வெச்சு, அந்த விலாசத்தைப் போட்டு மறுபடி பில்டு பண்ணி, எல்லா மிஷின்லயும் மாத்திடலாம். ஒரு மத்தியானம் போதும்."

"ஒரு மத்தியானத்துல முடியறதை ஒரு உயர்நிலைக் குழு செய்யலாமா?" என்றார் இயக்குநர். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் தொடர்ந்தார்: "அது போகட்டும். திருத்தறோம்னா என்ன அர்த்தம்? இத்தனை நாளும் தப்பா இருந்துதுன்னு அர்த்தம். தப்பா இருந்துதுன்னா அந்தச் சான்றிதழுக்கு என்ன அர்த்தம்? சான்றிதழுக்கு அர்த்தம் இல்லேன்னா, அதை மாட்டி வெச்சிருக்கிற எனக்கு என்ன அர்த்தம்?"

குழு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது.

"அப்ப திருத்தவே வேணாம் சார்," என்று பில்டக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள். "என் ஃபோல்டர் போகட்டும். பழைய இடத்துல ஒரு சின்னக் குறிப்பு மட்டும் வெச்சுட்டுப் போறேன். வீடு மாறிப் போறவங்க வாசல்ல புது விலாசத்தை எழுதி ஒட்டிட்டுப் போவாங்களே, அந்த மாதிரி."

இருக்கை அலுவலர் எழுந்தார். "ஆளில்லாத இருக்கையில எதுவும் இருக்கக் கூடாதும்மா. தினமும் கூட்டிப் பெருக்கறதுக்குன்னே ஒரு புரோகிராம் வெச்சிருக்கோம்."

"அந்த புரோகிராமை நிறுத்தலாமே சார்?"

"சுத்தத்தையா?" என்றார் இருக்கை அலுவலர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

குழு ஏகமனதாக முடிவெடுத்தது: பாதையைத் தொடக் கூடாது. பில்டக்காவை நகர்த்தக் கூடாது.

அன்று சாயங்காலம் கணவன் வீடியோவில் வந்தான். "உத்தரவு வந்துடுச்சுன்னியே, எப்பக் கிளம்பறே?"

"நான் வந்தா இங்க லிஃப்ட் நின்னுடும்ங்க."

"வர இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லிடலாமே. லிஃப்டை ஏன் இழுக்கறே?"

"ஐயோ, நிஜமாங்க!"

"என் ஆபீஸ்ல லீவு கேக்கிறவன்கூட இப்படி ஒரு காரணம் சொன்னதில்லை," என்றான் அவன். சிரித்தான்தான். ஆனால் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. பின்னால் மகள், பல் விழுந்த இடத்தைக் காட்டுவதற்காக முண்டியடித்துக்கொண்டிருந்தாள். பில்டக்கா அந்த ஓட்டையைத் திரையில் பார்த்துவிட்டு, "அம்மா நேர்ல வந்து எண்ணிப் பாக்கிறேன்டி" என்றாள். "எப்போ?" என்றாள் மகள். எல்லாருமே அதைத்தான் கேட்கிறார்கள்.

நகர்த்தக் கூடாது என்று நிலையம் சொன்னால் அரைகுறையாகச் சொல்லாது. பில்டக்காவின் தலைக்கு மேலிருந்த ஏசி சொட்ட ஆரம்பித்தது. சரிசெய்ய வந்தவர் ஏணி போடுவதற்காக, "கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க மேடம்" என்றார். இருக்கை அலுவலர் படியில் ஓடி வந்து ஏணியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அது ஜன்னலோரம். ஜன்னலோரம் என்றால் விலாசம் மாறும். ஏசிக்காரரை அனுப்பிவிட்டு ஒரு பக்கெட்டை அனுமதித்தார்கள். பக்கெட் அவள் மேஜைமேல் ஏறிக்கொண்டது. டெஸ்டர், "அக்கா, உனக்குக் கீழ இப்பத்தான் ஒரு ஸ்டாஃப் குடுத்திருக்காங்க" என்றான்.

பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் முதுநிலையாகிவிட்டார்கள். அவள் போய்க் கேட்டாள்.

"உன்னை உயர்த்தறது எனக்குப் பெரிய விஷயமில்லம்மா," என்றார் இயக்குநர் உருக்கமாக. "ஆனா விலாசத்துல இளநிலைன்னு இருக்கே. இந்த நிலையத்துக்காக நீ இளநிலையிலயே உயர்ந்து நிக்கிறே. அந்த உயரத்துக்கு எங்க யாராலயும் வர முடியாது."

மாதத்துக்கொரு தரம் டாக்டர் வந்து நாடி பார்த்தார். வழுக்கி விழுந்துவிடுவாள் என்று அவள் பிரிவின் தரையைத் துடைப்பதை நிறுத்தினார்கள். லீவு மட்டும் விதியிலிருந்து தப்பியது. நாற்காலியில் உரியவரின் பொருள் ஏதாவது கிடந்தால் அது காலி இருக்கை ஆகாது என்று ஓர் உட்பிரிவைத் தேடிக் கண்டுபிடித்தவன் டெஸ்டர்தான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, தன்னுடைய ஸ்வெட்டரை நாற்காலியில் போட்டுவிட்டு, அவள் எப்போதாவது மகளைப் பார்க்க ஊருக்கு ஓடினாள். போன இடத்திலும் நிம்மதியில்லை. ஸ்வெட்டரை யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்களோ என்று டெஸ்டருக்குப் போன் போட்டுக்கொண்டேயிருப்பாள்.

அப்படிப் போயிருந்த ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் வரைந்த குடும்பப் படத்தை மகள் காட்டினாள். அப்பா, மகள், வீடு, மரம். ஒரு மூலையில் சதுரக் கட்டத்துக்குள் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட்.

"இது எதுக்குடி?"

"எப்பப் பாத்தாலும் அது உன் பக்கத்துலதானே இருக்கு? நம்ம வீட்டு ஆளில்லையா அது?"

கணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான். பில்டக்கா அந்தச் சதுரக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

வழி தானாக நடந்து வந்தது. மேலிடத்துப் பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று, அவள் இருக்கையைச் சுற்றி இயக்குநர் கயிறு கட்டவைத்தார். 'இங்கே அமர்ந்திருப்பவரே நமது அடித்தளம்' என்று பித்தளைப் பலகையும் மாட்டினார்கள். பார்வையாளர்கள் வந்து பலகையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பக்கெட்டைப் பார்த்தார்கள். பிறகு செல்போனை எடுத்தார்கள்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? மேடம் மறையறாங்க," என்றார் ஒரு பார்வையாளர், இயக்குநரிடம்.

இயக்குநர் தள்ளிக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் தள்ளிக்கொண்டார். ஆனால் அந்த முகத்தைக் கயிற்றுக்கு உள்ளேயிருந்து பில்டக்கா ஒருத்தி மட்டும் பார்த்தாள்.

பார்வையாளர்கள் போனதும் அவர் அறைக்குப் போனாள். "சார், எனக்கு ஒரு குறை."

"ஏசியா?"

"இல்ல சார். இந்த நிலையமே ஓடறது ஒரு இளநிலைப் பொறியாளர் பேர்லயா இருக்கணும்? வர்றவங்க எல்லாம் என்னைப் படம் எடுக்கறாங்க. எனக்கே கூச்சமா இருக்கு. பாதைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு பெரியவர் பேர் இருக்கறதுதானே மரியாதை?"

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியவர்னா?"

"நீங்க சொல்றதுதான் சார்."

அவர் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "இயக்குநர் பாதை," என்றார் மெதுவாக. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். முன்னைவிட நன்றாக இருந்தது போலும்.

குழு மறுநாளே கூடியது. "ஆனா சான்றிதழ் போயிடுமே சார்?" என்றார் இருக்கை அலுவலர், போன தடவை கேட்டதை ஞாபகம் வைத்துக்கொண்டு.

"என்னய்யா பேசறே? தப்பைத் திருத்தினாத்தான் சான்றிதழ் போகும். கௌரவம் பண்ணினா எதுக்குப் போகுது?"

இப்படி ஒரு வேறுபாடு இருப்பது இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று குழு வியந்தது.

பில்டக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "சார், பேரு உங்களோடதா இருக்கட்டும். லைப்ரரியை மட்டும் பொது இடத்துல வெச்சுடலாம். அதுதான் பத்திரம்."

"பொது இடத்துலயா?" இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யாரோடதும் இல்லாத இடம்னா யாரும் பொறுப்பில்லாத இடம்னு அர்த்தம். எல்லாருக்கும் பொதுவான ஒண்ணை எல்லாருக்கும் பொதுவான இடத்துல வெச்சா அப்புறம் நிர்வாகம்னு நாங்க எதுக்கு இருக்கோம்? என் அறையில வை. என் ஃபோல்டர்ல வை."

"அப்ப நீங்க இந்த அறையை விட்டுப் போனா எல்லாம் நின்னுடும் சார்."

"என்னை இந்த அறையை விட்டு யாரும்மா அசைக்க முடியும்?"

"மேல போனாலும் நிக்கும் சார்."

"அது அப்பப் பாத்துக்கலாம்," என்று கையெழுத்துப் போட்டார். கயிற்றுக்குள் திரும்பி வந்தவளிடம் டெஸ்டர் கேட்டான்: "சொன்னியாக்கா?"

"ரெண்டு தடவை சொன்னேன்."

"காதுல வாங்கினாரா?"

"கையெழுத்துல இருந்தாரு."

"அப்புறம் என்ன? பில்டைப் போடு."

அந்த ஒரு வரியை மாற்ற அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பில்டு ஓடி முடிவதற்குள் பக்கெட் பாதி நிறைந்தது. எல்லா இயந்திரங்களிலும் புதியதை ஏற்றி முடித்தபோது டீ நேரம்கூட வரவில்லை. மாறுதல் உத்தரவு மறுபடி கையெழுத்தானது. ஆனால் இருக்கை அலுவலருக்கு நம்பிக்கை வரவில்லை. பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, "நிஜமாவே நிக்காதாம்மா?" என்றார்.

"நான் லிஃப்டுல ஏறிக்கறேன் சார். கதவு மூடினதும் மாத்துங்க. நின்னா நானே உள்ள மாட்டிக்கறேன்."

பெட்டியோடு ஏறினாள். கதவு மூடியது. மேலே எங்கோ அவளுடைய ஃபோல்டர் எழுந்து வேறு ஊருக்குக் கிளம்பியிருக்கும். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கியது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் அவளுக்கு எப்போதோ மறந்துபோன சாமிகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். பிறகு கதவு திறந்தது. கீழ்த்தளம். கேன்டீனில் டோக்கன் இயந்திரம் டோக்கன் துப்பிக்கொண்டிருந்தது. படியில் இறங்கி ஓடி வந்த இருக்கை அலுவலர் மூச்சு வாங்கிக்கொண்டே, "போயிட்டு வாம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. ஸ்வெட்டரையும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

புது ஊரில் மகளின் பள்ளிக்கூடம் முடிகிற நேரமும் பில்டக்காவின் வேலை முடிகிற நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. குடும்பப் படம் புதிதாக ஒன்று வந்தது. அம்மா வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தாள். பக்கெட்டை மட்டும் மகள் விடவில்லை. அது வாசலில், பூச்செடியோடு இருந்தது.

ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்து வரும்போது போன் அடித்தது. இயக்குநர்.

"ஏம்மா, சௌக்கியமா? எனக்குத் தலைமையகத்துக்கு உத்தரவு வந்திருக்கு. தலைவர் பதவி."

"ரொம்ப சந்தோஷம் சார்! எப்பப் போறீங்க?"

"கிளம்பிட்டேம்மா. மாலையெல்லாம் போட்டாங்க." குரல் ஏதோ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "லிஃப்டுக்குள்ள இருந்துதான் பேசறேன்."

பில்டக்கா நடப்பதை நிறுத்தினாள்.

"ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிட்டேன். இப்போதைக்கு வெளிய வந்துடுவேன். அதுக்கப்புறம் நான் எப்படிம்மா போறது?"

"பொது இடத்துல வெச்சுடலாம் சார். ஒரு வரிதான்."

"அப்ப என் பேரை எடுக்கணுமே? எடுத்தா, வெச்சது தப்புன்னு ஆகாதா?"

"தப்புன்னு திருத்த முடியாதுன்னா, நான் போன வழியிலதான் நீங்களும் போகணும் சார். உங்களைவிடப் பெரியவர் ஒருத்தரைக் கௌரவம் பண்ணணும். அப்படி யாராவது அந்தக் கட்டடத்துல இருக்காங்களான்னு யோசிச்சுப் பாருங்க."

இயக்குநர் யோசித்தார். உண்மையாகவே, மாடி மாடியாக, அறை அறையாக, ஒருவரையும் விடாமல் யோசித்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமாயிற்று. மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதாம்மா பிரச்சினையே," என்றார் அவர் கடைசியில்.